மூன்றாவது ஃப்ளாப்பியில் நின்றது

கம்ப்யூட்டரை நான்தான் கெடுத்தேன் என்று கடத்தூரில் ஒரு வாரம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசினார்கள், சந்தையில் பேசினார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்புத் தேடும் நேரத்திலும் பேசினார்கள். அவர்களில் ஒருவர்கூட அதுவரை கம்ப்யூட்டரை நேரில் பார்த்ததில்லை. கெடுத்தவளைப் பார்த்திருந்தார்கள், அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

அது எண்பதுகளின் கடைசி. கடைவீதியில் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் டீச்சர். பதினோரு வருஷமாக அந்த ஒரே கூடத்தில், பதினெட்டு மெஷின்களின் சத்தத்துக்கு நடுவில், காலையும் மாலையும் நின்றவள். லோயர், ஹையர் பரீட்சைகளுக்கு நான் அனுப்பி வைத்தவர்கள் அரூரிலும் தருமபுரியிலும் சேலத்திலும் ஏதாவது ஓர் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் இன்ஸ்டிட்யூட்டை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கோயில். முப்பத்தொரு வயதில் கல்யாணம் ஆகாத ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஊர் அதற்கு மேல் இடம் ஒதுக்கவில்லை. ஒதுக்கச் சொல்லி நானும் யாரையும் கேட்கவில்லை.

முதலாளி, மஞ்சளும் கடலையும் போடுகிற பெரிய விவசாயக் குடும்பத்துக்காரர். டைப் அடிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் எது புதிதாக வந்தாலும் அது முதலில் தன் மாடிக்கு வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. ஒரு நாள் கூடத்துக்கு வந்து, எல்லா மெஷின்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டு அறிவித்தார்.

“டீச்சர், நாம கம்ப்யூட்டர் வாங்கப் போறோம். தருமபுரியிலயே ரெண்டு மூணு எடத்துலதான் இருக்குதாம். நீங்கதான் சொல்லிக் குடுக்கப் போறீங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாதம், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத பக்கத்தை டைப் அடித்துப் பார்த்தேன். அடித்தால் எனக்குப் புரிந்துவிடும், அது என் வழக்கம். “உனக்கு எதுக்குடி இந்த வம்பு, இருக்கற வேலையப் பாத்தா போதாதா” என்று வீட்டில் அம்மா கேட்டார். போதாது என்றேன். வாசலில் துணிப் பேனர் கட்டினார்கள், இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் என்று பத்துப் பேராவது என்னை அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஒரு வியாழக்கிழமை சேலத்திலிருந்து வேனில் அது வந்து இறங்கியது. கூடவே டீலர் அனுப்பிய இன்ஜினியர், கையில் சூட்கேஸ். சுவிட்சைப் போட்டதும் திரையில் எண்கள் ஓடி அறுநூற்று நாற்பதில் நின்றன. மெமரி சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம். ஆபரேட்டிங் சிஸ்டம் ஐந்து ஃப்ளாப்பிகளில் தனியாக வந்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக டிரைவில் போட்டு, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். அது ஏறினால்தான் கம்ப்யூட்டர் தானாக இயங்கும், வகுப்பு நடத்த முடியும். இன்ஜினியர் முதல் ஃப்ளாப்பியைப் போட்டு, தேதி நேரம் எல்லாம் காட்டினார். மீதியைத் திங்கட்கிழமை வந்து முடித்துத் தருகிறேன் என்று சொல்லி, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

திங்கட்கிழமை வந்தார். முதல் ஃப்ளாப்பி ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், திரையில் ஒரு வரி. ஃப்ளாப்பியைப் படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு அபார்ட், ரீட்ரை, ஃபெயில் என்று மூன்று வார்த்தைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. விட்டுவிடு, மறுபடி பார், தோற்றுப் போ. மக்குப் பிள்ளைகளிடம்கூட நான் இவ்வளவு மரியாதை இல்லாமல் பேசியதில்லை. இன்ஜினியர் இருபது தடவை ரீட்ரை கொடுத்தார். ஃப்ளாப்பிதான் டிஃபெக்ட், அடுத்த வாரம் வேறு செட் கொண்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் புது செட் வந்தது. அது இரண்டாவது ஃப்ளாப்பியிலேயே நின்றது. இன்ஜினியர் மூடியைக் கழற்றினார். கார்டுகளை உருவி, அவற்றின் ஓரத்துப் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். சில்லுகளை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் அழுத்தினார். டிரைவுக்குப் போகிற கேபிளை மாற்றினார். மறுபடி போட்டார், மறுபடி நின்றது. முதலாளி, கரண்டுதான் காரணம் என்றார். மோட்டார் ஓடுகிற நேரத்தில் எங்கள் ஊரில் பல்பு மின்மினிப் பூச்சி மாதிரிதான் எரியும், அதனால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஸ்டெபிலைசர் வந்தது. அதன் முள் இருநூற்று இருபதில் அசையாமல் நின்றபோதும் ஃப்ளாப்பி ஓடவில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை, அதே செட்டின் முதல் ஃப்ளாப்பியைக்கூட அது படிக்கவில்லை. இன்ஜினியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்:

“சார், மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. ஹேண்ட்லிங் சரியில்ல. ஃப்ளாப்பிய வெரலால தொட்டிருக்காங்க, ஈரக் கையோட டிரைவ தொறந்து மூடியிருக்காங்க. இதுக்கு வாரண்டி கெடைக்காதுங்க.”

“யாரு தொட்டா?” என்றார் முதலாளி. இன்ஜினியர் என்னைப் பார்த்தார்.

“நான் ஃப்ளாப்பிய தொடவே இல்லீங்க” என்றேன். தொட்டதே இல்லை, உறையோடுதான் பிடிப்பேன், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. டீலரின் மச்சான் மகன் ஒருவர் சேலத்தில் ஆறு மாதக் கோர்ஸ் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறார், அவரை அனுப்புகிறோம், பழகிய கை என்றால் இந்தத் தொல்லை வராது என்றார் இன்ஜினியர். எனக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்:

“டீச்சர், நீங்க டைப் மெஷினையே பாத்துக்கங்க. வர்ற திங்கக்கெழம இவரு வேற ஃப்ளாப்பி கொண்டாந்து போடுவாரு. புதன்கெழம அந்தத் தம்பி வந்துருவாப்ல.”

சரிங்க என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று என் குரலில் பிள்ளைகள் நடுங்கினார்கள். கம்ப்யூட்டர் வகுப்பு கைவிட்டுப் போவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெண் கை பட்டுக் கெட்டது என்று ஒரு முறை எழுதிவிட்டால், இந்தக் கடைவீதியில் எந்தப் பெண்ணையும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். எனக்கு வேண்டியது அந்த நாற்காலி. அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் எந்த ஃப்ளாப்பி, எத்தனை மணி, ஸ்டெபிலைசர் முள் எங்கே என்று குறித்து வைத்திருந்தேன். டைப் டீச்சர் பிழைகளை எண்ணாமல் இருக்க முடியாது. ஒரு பையன் எப்போதும் ஒரே எழுத்தில் தப்பு விட்டால் அதற்கு ஒரு காரணம், கண்ட இடத்தில் தப்பு விட்டால் வேறு காரணம். அப்படித்தான் அந்த நோட்டையும் படித்தேன். ஃப்ளாப்பி கெட்டிருந்தால் எல்லாத் தடவையும் ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கரண்டு என்றால் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே வந்தது, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்று. கெட்டது டிரைவ். அதற்கு மேல் நோட்டு சொல்லவில்லை.

ஆனால் ஒரு சோதனை மிச்சமிருந்தது. இன்ஜினியர் எங்களிடம் விட்டுப்போன இரண்டாவது செட்டின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஃப்ளாப்பிகள் எங்கள் டிரைவுக்குள் போனதே இல்லை. போன இரண்டையும் போகாத மூன்றையும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தருமபுரியில் ஒரு கிரானைட் ஆபீஸில் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் என்னிடம் ஹையர் முடித்த பெண். வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்தேன். ஃப்ளாப்பிகளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, வெயில் படாத பக்கமாகப் பார்த்து பஸ்ஸில் உட்கார்ந்து, முப்பது கிலோமீட்டரும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

“எங்க சார் பத்து மணிக்கு குவாரிக்குப் போயிருவாருங்க டீச்சர். அதுக்கப்பறம் போட்டுப் பாக்கலாம்” என்றாள் அந்தப் பெண். அவள் முதலாளி கிளம்பும்வரை பைல் அடுக்குகளுக்குப் பின்னால் திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஐந்தாவதைப் போட்டாள். அழகாகப் படித்தது. நான்காவது, மூன்றாவது, அவையும் படித்தன. அப்புறம் எங்கள் டிரைவில் போய் வந்த முதலாவதைப் போட்டாள். சிவப்பு விளக்கு, அதே கரகர சத்தம், அதே அபார்ட், ரீட்ரை, ஃபெயில்.

“அய்யய்யோ டீச்சர், எங்க டிரைவும் போச்சா?” என்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். நான் நினைத்தது சரி. உள்ளே போகும் ஃப்ளாப்பியைக் கெடுத்து அனுப்புவது எங்கள் டிரைவ்தான் என்று நிரூபணமாகிவிட்டது. ஃப்ளாப்பியை வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். உறையில் ஒரு நீளமான ஓட்டை இருக்கும், டிரைவின் ஹெட் என்கிற சின்ன முனை அதன் வழியாகத்தான் தகட்டை உரசிப் படிக்கும். நடு ஓட்டையில் பேனாவை விட்டுத் தகட்டைச் சுற்றிப் பார்த்தேன். வெளிச்சத்தில் வட்டமாக ஒரு மினுமினுப்பு. மூக்கருகே கொண்டுபோனேன்.

மெஷின் எண்ணெய்.

அந்த வாசனையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் பதினெட்டு மெஷின்களுக்கும் தூசி தட்டி, பிரஷ் போட்டு, மூக்கு நீண்ட டப்பாவால் எண்ணெய் விடுவது பதினோரு வருஷமாக என் வேலை. எண்ணெய் விடாத மெஷினில் கேரேஜ் ஓடாது, எழுத்து மேலே ஏறி விழும். பல் துலக்குவதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, இதுவும் அப்படித்தான். அந்த டிரைவின் லீவர் புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. முதல் சனிக்கிழமை பதினெட்டு முடித்துவிட்டுப் பத்தொன்பதாவதற்கும் லீவரின் இடுக்கில் இரண்டு சொட்டு விட்டேன். சுகமாகத் திரும்பியது. அடுத்த சனிக்கிழமையும் விட்டேன். அதற்கு அடுத்ததும் விட்டேன். அது கசிந்து உள்ளே இறங்கி, ஹெட்டில் ஏறி, போகிற ஃப்ளாப்பிக்கெல்லாம் தைலம் தேய்த்து அனுப்பியிருக்கிறது.

வெட்கமாக இருந்தது. என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. ஊர் சொன்னது சரிதான், கெடுத்தது நான்தான். அவர்கள் சொன்ன காரணம் பொய், ஆளை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கி வந்தாள். மெல்லிய துணியைக் குச்சியில் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, தன் டிரைவின் ஹெட்டைத் துடைத்துக் காட்டினாள். எங்களிடம் இருந்த அதே சிஸ்டம் அவர்களிடமும் இருந்ததால், கெட்டுப்போன முதல் இரண்டு ஃப்ளாப்பிகளுக்கும் புது ஃப்ளாப்பியில் நகல் எடுத்துக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து, ஏறும்போது மெதுவாகச் சொன்னாள்:

“யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். தொடச்சிட்டா சரியாப் போயிரும். யாருக்குத் தெரியப் போவுது?”

சனிக்கிழமை பதினெட்டு மெஷின்களுக்கு மட்டும் எண்ணெய் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன், சாவி எப்போதும் என்னிடம்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, டிரைவை வெளியே எடுத்தேன். இன்ஜினியர் மூன்று வாரமாகத் திறக்காத அந்தச் சின்னப் பெட்டிக்குள், ஹெட் ஓடுகிற கம்பி இரண்டும் எண்ணெயில் பளபளத்தன. ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைத்தேன். துணி பழுப்பாக வந்தது. வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். ஒரு மணி நேரம் காய விட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு ஜெபமும் எனக்கு முழுதாக நினைவுக்கு வரவில்லை.

திரும்பப் பூட்டி முதல் ஃப்ளாப்பியைப் போட்டேன். ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதைப் போட்டு லீவரைத் திருப்பும்போது விரல் உண்மையிலேயே ஈரமாக இருந்தது. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. நான்காவதைப் போடச் சொல்லித் திரையில் வரி வந்ததும், ஆள் இல்லாத அந்தக் கூடத்தில் நான் கத்திய கத்தலுக்குக் கீழே தெருவில் போன யாரோ நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். ஐந்தும் ஏறின. ஃப்ளாப்பிகளை எல்லாம் எடுத்துவிட்டு, அணைத்துப் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அது தானாக எழுந்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை காலை இன்ஜினியர் வந்தார். சுவிட்சைப் போட்டார். ஓடுவதைப் பார்த்து ஒரு நிமிஷம் திரைக்கு முன்னால் குனிந்து நின்றார். ஒரு நிமிஷம்தான்.

“பாத்தீங்களா சார், அன்னிக்கு கார்டெல்லாம் அழுத்தி வுட்டேன்ல, இப்ப செட்டாயிருச்சு” என்றார்.

முதலாளி முகமெல்லாம் பல்லாக நின்றார். இன்ஜினியர் சர்வீஸ் ரிப்போர்ட் தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். கோளாறுக்குக் காரணம்: ஆபரேட்டர் தவறாகக் கையாண்டது. சரி செய்தவர் என்ற இடத்தில் தன் பெயர். என் பக்கம் நீட்டி, “இங்க ஒரு கையெழுத்து போடுங்க” என்றார்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கேட்ட அறிவுரை காதில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எண்ணெய் விஷயம் என்னோடு போகும். ஆனால் அந்தத் தாளும் இருக்கும், புதன்கிழமை அந்த மச்சான் மகனும் வருவார், நான் கண்டுபிடித்ததும் என்னோடு போகும். ஒளிந்துகொண்டு பிழைப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

“சார், இதுல எழுதியிருக்கறது பாதி உண்மைங்க” என்றேன். “கெடுத்தது நானுங்க. டைப் மெஷினுக்கு வுடற மாதிரி டிரைவுக்கும் சனிக்கெழம சனிக்கெழம எண்ணெய் வுட்டேன்.”

“எண்ணெயா?” என்றார் முதலாளி. இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். “கம்ப்யூட்டருக்கு எண்ணெய் வுட்டாங்களாம் சார்!” வகுப்பில் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

“மூணு திங்கக்கெழம வந்தீங்களே, டிரைவ ஒரு தடவையாவது தொறந்து பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. நோட்டை எடுத்து முதலாளி முன்னால் வைத்தேன். எந்தத் தேதியில் எது நின்றது, எதை வைத்து டிரைவ் என்று முடிவு செய்தேன், எப்படித் துடைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்த துணியையும் காட்டினேன். முதலாளி அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். இன்ஜினியர் பக்கம் திரும்பி, “இது மெய்யாலுமா?” என்று கேட்டார். இன்ஜினியர் சூட்கேஸுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

நான் அவரிடம் எழுதாத ரிப்போர்ட் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். என் மேசையில் இருந்த மெஷினில் ஏற்றி அடித்தேன். காரணம்: டிரைவில் எண்ணெய் விட்டது. விட்டவர்: என் பெயர். கண்டுபிடித்தவர்: என் பெயர். சரி செய்தவர்: என் பெயர். கீழே பதவி என்று ஓர் இடம் காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் இன்ஸ்ட்ரக்டர் என்று அடித்தேன். தாளை உருவி, கையெழுத்துக்கு முதலாளியிடம் கொடுத்தேன்.

அவர் மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தார்.

“இந்தப் பதவிய நான் இன்னும் குடுக்கலியே டீச்சர்.”

“குடுக்கலன்னு சொல்லுங்க, கிழிச்சிட்டு வேற தாள்ல அடிச்சுத் தர்றேன்” என்றேன். “ஆனா அதுல என் பேரு ஒரு எடத்துலகூட இருக்காதுங்க. நாளையிலருந்து இந்த மாடியிலயும் இருக்காது.”

பதினெட்டு மெஷின்களும் நின்றிருந்தன. முதலாளி சட்டைப் பையில் பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை. இன்ஜினியரின் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அந்தத் தம்பிய வர வேண்டாம்னு சொல்லிருங்க” என்றார்.